அச்சு கம்ப்ரஸர் முதல் நிலை: பிளேடு அடித் தகைவையும் டிஸ்க் தகைவையும் எப்படிக் குறைப்பது?

சுழலி:

வணக்கம். விமான எஞ்சின் ஒன்றின் உயர் அழுத்த அச்சு கம்ப்ரஸரில் முதல் நிலை ரோட்டாரைத் தொடக்க அளவில் போட்டுக்கொண்டிருக்கிறேன். பிளேடு நுனி ஆரம் 340 மி.மீ., அடி ஆரம் 220 மி.மீ., அதிகபட்ச வேகம் 13,000 ஆர்.பி.எம்., பிளேடுகள் 34. அடியில் நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை அகலம்) 70 மி.மீ., தடிப்பு 4.4 மி.மீ., குறுக்குவெட்டுப் பரப்பு 215 சதுர மி.மீ. உலோகம் டைட்டானியம் 6-4 கலவை, வேர் டோவ்டெயில் (டிஸ்க் பள்ளத்தில் செருகிப் பிடிக்கும் புறாவால் வடிவம்). காற்று விசை ஒரு பிளேடுக்குத் தொடுதிசையில் 230 நியூட்டன், அச்சுத் திசையில் 330 நியூட்டன்.

இப்போதைக்குப் பிளேடு அடியிலிருந்து நுனிவரை ஒரே பரப்பு. அடியில் மையவிலக்குத் தகைவு (பரப்பு அலகுக்கு வரும் விசை) மட்டும் 276 மெகாபாஸ்கல் வருகிறது. காற்று விசையால் வரும் வளைவுத் தகைவு அதன் மேல் 120. பிளேடு முழுவதையும் 20 சதவீதம் தடிப்பாக்கிப் பார்த்தேன். மையவிலக்குத் தகைவு அசையவே இல்லை. டிஸ்க் தகைவுதான் ஏறியது.

தெரிய வேண்டியவை: தடிப்பாக்கியும் ஏன் குறையவில்லை? டிஸ்க்கில் நடுத்துளை ஓரத்தில்தான் தகைவு உச்சம். அங்கே உலோகத்தைக் கூட்டுவதா, குறைப்பதா? டோவ்டெயிலை விட்டுவிட்டு பிளிஸ்க்காக, அதாவது பிளேடும் டிஸ்க்கும் ஒரே துண்டாகச் செய்தால் பிரச்சினை தீருமா?

---

அடிவெட்டு:

குறையாதது சரிதான். பிளேடு சுமப்பது தன்னையே. எல்லா உயரத்திலும் ஒரே விகிதத்தில் தடிப்பாக்கினால் சுமையும் ஏறுகிறது, சுமக்கும் பரப்பும் அதே அளவு ஏறுகிறது. சீரான பரப்புள்ள பிளேடுக்கு அடித் தகைவு = அடர்த்தி × கோண வேகத்தின் வர்க்கம் × (நுனி ஆர வர்க்கம் − அடி ஆர வர்க்கம்) ÷ 2. பரப்பு இந்தக் கணக்கில் எங்குமே இல்லை. 4,430 கிலோ/கன மீட்டர், வினாடிக்கு 1,361 ரேடியன் என்று போட்டால் உங்கள் 276 அப்படியே வரும். இதே பிளேடை எஃகில் செய்தால் 486.

எனவே கையில் இருப்பவை மூன்றுதான்: அடர்த்தி, வேகம், பரப்பு உயரத்தோடு மாறும் விதம். வேகத்தைக் குறைத்தால் வர்க்கத்தில் பலன் கிடைக்கும், 5 சதவீதத்துக்குப் பத்து சதவீதம். ஆனால் அழுத்த விகிதம் நுனி வேகத்தை நம்பித்தான் இருக்கிறது, காற்றியக்கவியல் பக்கம் இருப்பவர்கள் விட்டுத்தர மாட்டார்கள். மிஞ்சுவது மூன்றாவது.

நுனிப் பரப்பை அடிப் பரப்பில் பாதியாக்கி நேர்கோட்டில் குறைத்தால் 276 என்பது 202 ஆகிறது. 0.4 ஆக்கினால் 187. 0.3 வரை போனால் 172. 0.4-இல் பிளேடு இதழின் (வேர் நீங்கலாகக் காற்றில் நிற்கும் பகுதியின்) எடை 114 கிராமிலிருந்து 80 கிராமுக்கு இறங்கும். அதற்கு மேல் போக நான் சொல்ல மாட்டேன். 0.4-இலேயே நுனியில் நாண் 65 மி.மீ. என்றால் தடிப்பு ஏறத்தாழ 1.9 மி.மீ.தான் நிற்கும். நுனி உறையில் உரசும், மணல் அரிக்கும், கல் படும். 1.5-க்குக் கீழே போன நுனியில் ஒரு சின்ன வெட்டு விழுந்தாலே அதைத் தேய்த்துச் சரிசெய்ய உலோகம் இருக்காது. இன்னொரு பொறி: அடிக்கு அருகே சட்டென்று மெலிந்து மேலே மெதுவாக மெலியும் வடிவம் வைத்தால் உச்சத் தகைவு அடியிலிருந்து நகர்ந்து 30–40 சதவீத உயரத்துக்கு ஏறிவிடும். அடியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். குறைந்தது பத்து உயரங்களில் கணக்கிடுங்கள்.

அடுத்தது வளைவுத் தகைவு. இதில்தான் உலோகமே செலவழிக்காமல் கிடைக்கும் பலன் இருக்கிறது. பிளேடின் குறுக்குவெட்டுகளின் மையங்களை ஆரக்கோட்டிலிருந்து சற்றே விலக்கி அடுக்கினால் மையவிலக்கு விசை பிளேடை நிமிர்த்தப் பார்க்கும். அந்தத் திருப்பம் காற்று வளைவுக்கு எதிராக இருக்கும்படி வைக்க வேண்டும். கம்ப்ரஸரில் காற்று பிளேடைத் தள்ளுவது சுழற்சிக்கு எதிராகவும், அழுத்தம் பின்னால் அதிகம் என்பதால் முன்பக்கமாகவும். சாய்வும் அதே திசையில், அதாவது காற்று தள்ளும் பக்கமே. எதிர்ப்பக்கம் சாய்த்தால் 120 குறைவதற்குப் பதில் அவ்வளவும் கூடும். குறி மாறிப்போவது இந்த வேலையில் மிகச் சாதாரணமான தவறு.

உங்கள் அளவுக்கே போட்டுப் பார்ப்போம். 80 கிராம் இதழின் ஈர்ப்பு மையம் 271 மி.மீ. ஆரத்தில். மையவிலக்கு விசை 40 கிலோநியூட்டன், அதாவது நான்கு டன்னுக்கு மேல். அச்சுத் திசையில் 330 நியூட்டன் அரை உயரமான 60 மி.மீ.இல் செயல்பட்டால் 19.8 நியூட்டன் மீட்டர். அதை முழுக்கச் சமன்செய்ய ஈர்ப்பு மையம் 0.49 மி.மீ. முன்னே வந்தால் போதும். தொடுதிசைக்கு 13.8 நியூட்டன் மீட்டர். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மையவிலக்கு விசை சுழல் அச்சிலிருந்து புறப்படும் கோட்டில் செல்வதால், தொடுதிசை விலகலின் முழு நெம்புகை அடியில் கிடைக்காது. அடி ஆரம் ÷ ஈர்ப்பு மைய ஆரம், அதாவது 0.81 பங்குதான். எனவே 0.34 அல்ல, 0.42 மி.மீ. வேண்டும்.

முழுதாகச் சமன்செய்யக் கூடாது. மையவிலக்கு விசை வேகத்தைப் பொறுத்தது. காற்று விசையோ காற்றின் அடர்த்தியையும் பொறுத்தது. தரைமட்டத்தில் கச்சிதமாகச் சமன்செய்த பிளேடு, உயரத்தில் காற்று மெலிந்ததும் எதிர்ப்பக்கம் வளைந்து நிற்கும், அதுவும் மணிக்கணக்கில். பாதியளவு சமன்செய்வது நல்ல தொடக்கம்: அச்சில் 0.25, தொடுதிசையில் 0.21 மி.மீ.

எண்கள் எவ்வளவு சின்னவை என்று பாருங்கள். அடி வெட்டின் வலுவற்ற திசையில் வெட்டு மட்டு (வளைவைத் தாங்கும் திறனின் அளவு) 200 கன மி.மீ. என்றால், 0.1 மி.மீ. விலகலுக்கு 20 மெகாபாஸ்கல். வரைபடத்தில் வெட்டுகளின் இடப்பொறுதி (அனுமதிக்கும் இடப் பிழை) ±0.15 மி.மீ. என்று எழுதினால் 30 மெகாபாஸ்கலைத் தொழிற்சாலையின் கையில் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். டோவ்டெயில் பள்ளத்தின் சாய்வுப் பிழை இதன் மேல் சேரும். பிளேடு ஓடும்போது முறுக்கு அவிழ்வதையும் சேர்த்து, குளிர்நிலை வடிவத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

---

வளையம்:

டிஸ்க் பற்றி.

நடுத்துளை ஓரத்தில் உச்சம் வருவது இயல்பு. துளையே இல்லாத சீரான தட்டின் மையத்தில் இருக்கும் தகைவோடு ஒப்பிட்டால், ஊசி நுழையும் அளவு துளை போட்டாலும் துளை ஓரத்தில் வளையத் தகைவு (சுற்றுத் திசையில் இழுக்கும் தகைவு) இரண்டு மடங்காகிவிடும். துளை சிறியது என்பதால் தப்பிக்க முடியாது. தாழ் அழுத்தத் தண்டு உள்ளே போக வேண்டும் என்பதால் துளையை அடைக்கவும் முடியாது. அதனால்தான் துளையைச் சுற்றிக் கனமான விளிம்பு வைக்கிறோம்.

ஏன் அங்கே வைக்க வேண்டும் என்பது ஒரே கணக்கில் புரியும். யாருடைய துணையும் இல்லாமல் தனியாகச் சுழலும் மெல்லிய வளையத்தின் தகைவு = அடர்த்தி × வேகத்தின் வர்க்கம். உங்கள் வேகத்தில் 200 மி.மீ. ஆரத்தில் 328 மெகாபாஸ்கல், 100-இல் 82, 60-இல் வெறும் 30. ரிம்மில் (டிஸ்க்கின் வெளிச்சுற்றில்) இருக்கும் உலோகம் தன்னைத் தாங்கவே 328-ஐச் செலவழித்துவிடுகிறது. பிளேடுகளைத் தாங்க அதனிடம் மிச்சம் குறைவு. துளையோர உலோகம் 30-ஐத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெளியே இருப்பவற்றைப் பிடித்து வைக்கக் கொடுக்கிறது.

எண்ணாகப் பார்ப்போம். அடிவெட்டு சொன்ன 80 கிராம் இதழ், 60 கிராம் வேரும் மேடையும், பள்ளங்களுக்கு இடையே நிற்கும் தூண்கள் எல்லாம் சேர்த்து ரிம் சுமை 2,400 கிலோநியூட்டன் என்று வைப்போம். டிஸ்க்கின் ஒரு பக்க வெட்டு 1,800 சதுர மி.மீ., அதன் ஆர வர்க்கச் சராசரி 0.02 சதுர மீட்டர். சராசரி வளையத் தகைவு = (ரிம் சுமை ÷ 2பை + டிஸ்க்கின் சொந்தப் பங்கு) ÷ பரப்பு = (382 + 296) ÷ 1,800 = 376 மெகாபாஸ்கல். இதில் 600 சதுர மி.மீ.யைத் துளையோரம் 75 மி.மீ. ஆரத்தில் கூட்டினால் 294-க்கு இறங்கும், எடை 1.25 கிலோ. அதே 600-ஐ ரிம்முக்கு அருகே 190 மி.மீ.இல் கூட்டினால் 356-தான், எடையோ 3.2 கிலோ. உங்கள் கேள்விக்கு விடை இதுதான்: துளையோரம் கூட்டுங்கள், ரிம்மில் ஒவ்வொரு கிராமையும் சுரண்டுங்கள்.

எல்லை உண்டு. விளிம்பை அகலமாக்கிக்கொண்டே போனால் வெளி ஓரங்கள் சுமையை வாங்காது. நடுவலையிலிருந்து (ரிம்மையும் துளையோர விளிம்பையும் இணைக்கும் மெல்லிய பகுதியிலிருந்து) விசை அங்கே பரவ இடமில்லை. தடித்த ஃபோர்ஜிங்கின் (அடித்து உருவாக்கிய உலோகக் கட்டியின்) உள்ளே நுண்ணமைப்பு கரடாகும், மீயொலிச் சோதனையில் குறை கண்டுபிடிப்பதும் கடினமாகும். வெப்பமும் மெதுவாக ஏறும். முதல் நிலையில் இது பெரிதல்ல. பின் நிலைகளில் நிலைமையே வேறு. இன்கோனல் 718 என்ற நிக்கல் கலவையில் ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் முழுக்கத் தடுக்கப்பட்ட விரிவு ஏறத்தாழ 2.5 மெகாபாஸ்கல். எஞ்சின் வேகமெடுக்கும்போது ரிம் சூடாகித் துளையோரம் குளிர்ந்தே இருக்கும், அந்த நேரத்தில்தான் துளையோர இழுவிசை உச்சத்துக்குப் போகும். வேகம் குறையும்போது நிலைமை தலைகீழாகி ரிம்மில் இழுவிசை வரும். அங்கே சிறிதளவு காற்றைத் துளை வழியாக ஓடவிட்டு விளிம்பைச் சூடாக்குவது, உலோகத்தைக் கூட்டுவதைவிடப் பலன் தரும்.

சராசரியையும் உச்சத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டிஸ்க் வெடிக்கும் வேகத்தைத் தீர்மானிப்பது சராசரி, ஏனென்றால் இளகும் உலோகம் உச்சத்தைப் பக்கத்துக்குப் பகிர்ந்துவிடும். விரிசல் ஆயுளைத் தீர்மானிப்பது உச்சம். இழுவலிமை 900, பயன்படுத்தக் கிடைக்கும் பங்கு 0.85 என்று கொண்டால், 376-க்கு வெடிப்பு வேகம் இயக்க வேகத்தைப் போல 1.43 மடங்கு, 294-க்கு 1.61 மடங்கு. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் விதி 33.27 கேட்பது, பொதுவாக அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச வேகத்தின் 120 சதவீதத்தில், அல்லது மிக மோசமான கோளாறில் எட்டக்கூடிய வேகத்தின் 105 சதவீதத்தில், எது அதிகமோ அதில் 5 நிமிடம் வெடிக்காமல் நிற்பது. 120 சதவீத வேகம் என்றால் தகைவு 144 சதவீதம்.

இன்னும் ஒன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். நடுவலையில் போல்ட் துளை போடாதீர்கள். சுற்றுப்புறத் தகைவைத் துளை ஓரம் இரண்டு முதல் மூன்று மடங்காக்கும். போல்ட்டுகளை வலையிலிருந்து விலகிய ஃபிளாஞ்சுக்குக் கொண்டுபோங்கள், அல்லது நிலைகளை உராய்வுப் பற்றவைப்பால் ஒரே டிரம்மாக்குங்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் துளையிடும் முறையே வடிவமைப்பின் ஒரு பகுதி. 1996-இல் அமெரிக்காவின் பென்சகோலாவில் எம்.டி.-88 விமானத்தின் ஃபேன் ஹப் (எஞ்சின் முன்விசிறியின் மையத் தட்டு) புறப்பாட்டின்போது உடைந்து இரண்டு பயணிகள் இறந்தார்கள். விரிசல் தொடங்கிய இடம் டை-ராடு (இழுத்துப் பிடிக்கும் கம்பி) போகும் துளை. துளையிடும்போது சூடேறிக் கடினமாகிப்போன மேற்பரப்பு அடுக்கு. வரைபடத்தில் அளவு சரி, வடிவம் சரி. கருவி முனை மழுங்கியதையும் குளிர்விப்பு நீர் எட்டாததையும் எந்த அளவுமானியும் காட்டாது.

---

சுழலி:

இருவருக்கும் மிக்க நன்றி. மெலிவை 0.4 ஆக்கினேன், 187 வந்துவிட்டது. துளையோர விளிம்பையும் கூட்டிவிட்டேன். இப்போது கேம்ப்பெல் வரைபடத்தில் (சுழல் வேகத்தோடு அதிர்வெண்களை ஒப்பிடும் படத்தில்) புதுத் தலைவலி. முதல் வளைவு அதிர்வெண் நின்ற நிலையில் 330 ஹெர்ட்ஸ். சுழற்சியால் விறைப்பாவதையும் சேர்த்தால் (விறைப்புக் குணகம் 1.7) 13,000-இல் 434 ஹெர்ட்ஸ். இரண்டாம் எஞ்சின் வரிசை (ஒரு சுற்றுக்கு இரண்டு தூண்டல்) அதே வேகத்தில் 433. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன.

---

அலைக்கோடு:

இதை இப்படியே விட முடியாது. நிலைத் தகைவு 187 என்பதற்காகப் பிளேடு முறியாது. நிலைத் தகைவின் மேல் அதிர்வு ஏறும்போதுதான் முறியும். 434 ஹெர்ட்ஸில் ஒரு கோடி சுற்றுகள் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். புறப்பாட்டு வேகத்தில் ஒத்ததிர்வு என்றால் சில பறப்புகளே போதும்.

உங்கள் எண்களின்படி குறுக்கீடு சரியாக 13,056 ஆர்.பி.எம்.இல். தாழ்ந்த வரிசைகளுக்குக் குறைந்தது 10 சதவீத இடைவெளி வைப்பது வழக்கம். அப்படியானால் 13,000-இல் 477 ஹெர்ட்ஸ் வேண்டும், நின்ற நிலையில் 384. பதினாறு சதவீதம் ஏற்ற வேண்டும்.

வழி இரண்டு. முதலாவது, அடியை மட்டும் தடிப்பாக்குவது: 4.4-ஐ 5.1 மி.மீ. ஆக்குங்கள், நுனியைத் தொடாதீர்கள். விறைப்பு தடிப்பின் மும்மடியில் ஏறும், அதிர்வின் உருமாற்ற ஆற்றல் பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது, கூடும் எடையோ அடியிலேயே தங்கிவிடும். அந்த 16 சதவீதம் பெரும்பாலும் இதிலேயே கிடைத்துவிடும், எஃப்.ஈ. (கணினியில் சிறு கூறுகளாகப் பிரித்துப் போடும் கணக்கு) ஓட்டி உறுதிசெய்யுங்கள். நுனிப் பரப்பு விகிதம் 0.345-க்கு இறங்குவதால் அடித் தகைவும் 187-இலிருந்து 179 ஆகும். இதழ் விசை 40-இலிருந்து ஏறத்தாழ 44.6 கிலோநியூட்டன் ஆகும், அதாவது இதழ்ப் பங்கில் 11 சதவீதம் ஏற்றம். அடியில் தடிப்பு நாணில் 7.3 சதவீதம்; அடிப் பகுதியில் காற்று ஒலிவேகத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைக் காற்றியக்கவியல்காரர்களிடம் கேட்டுவிடுங்கள், கழுத்து (பிளேடுகளுக்கு இடையே காற்று போகும் குறுகிய வழி) அடைபட வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, வடிவத்தை மாற்றாமல் நாணையும் தடிப்பையும் சேர்த்து 16 சதவீதம் பெரிதாக்கி, பிளேடுகளை 34-இலிருந்து 29 ஆக்குவது. நாண் 81 மி.மீ. ஆகும். அடர்வு (நாண் ÷ பிளேடுகளுக்கு இடையிலான தூரம்) அப்படியே இருக்கும். மையவிலக்குத் தகைவு மாறாது. வெட்டு மட்டு மும்மடியில் ஏறுவதால் காற்று வளைவுத் தகைவு 120-இலிருந்து 89 ஆகும். விலை: இதழ்களின் மொத்தச் சுமை 15 சதவீதம் கூடும், ரோட்டார் நீளும். அகல நாண் பிளேடு வெளிப்பொருள் அடியையும் நன்றாகத் தாங்கும். முதல் நிலைக்கு எனக்கு இதுதான் பிடிக்கும், டிஸ்க்கில் இடம் இருந்தால்.

எதை எடுத்தாலும் ஒரு பொறி காத்திருக்கிறது. 384 ஹெர்ட்ஸுக்கு ஏற்றியதும் மூன்றாம் வரிசைக் குறுக்கீடு 7,330-இலிருந்து 8,530 ஆர்.பி.எம்.க்கு நகர்கிறது. அது அதிகபட்ச வேகத்தில் 65.6 சதவீதம். பல எஞ்சின்களில் உயர் அழுத்தத் தண்டின் ஐடில் வேகம் (எஞ்சின் சும்மா ஓடும் குறைந்த வேகம்) இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். முன்பு ஐடிலுக்குக் கீழே ஒவ்வொரு தொடக்கத்திலும் சில வினாடிகளில் கடந்துபோன குறுக்கீடு, இப்போது தரையில் காத்திருக்கும் இருபது நிமிடமும் பிளேடை ஆட்டும். தரை ஐடில், பறப்பு ஐடில் இரண்டையும் வரைபடத்தில் கோடாகப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். ஐடிலைச் சில நூறு ஆர்.பி.எம். தள்ளி வைப்பதே சில நேரம் எளிய தீர்வு.

தூண்டுதலைக் குறைப்பதும் தகைவைக் குறைப்பதுதான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் வரிசை எங்கிருந்து வருகிறது? உறையில் எதிரெதிரே இரண்டு காற்று எடுப்பு வாய்கள் வைத்தால் அவையே இரண்டாம் வரிசையைப் பெற்றுத் தரும். சுற்றிலும் சீரான இடுக்கு வைத்து, அதன் வெளியே சேகரிப்பு அறை வைத்து, பிறகு குழாய் எடுங்கள். உறை நீள்வட்டமாகச் சிதைவதும் இரண்டாம் வரிசையே. முன்னால் இருக்கும் தாங்கு தூண்கள் மூன்றாக வேண்டாம், ஐடில் குறுக்கீட்டுக்குத் தீனி போடும். முன் ஸ்டேட்டர் 40 என்றால் அது 13,000-இல் 8,667 ஹெர்ட்ஸில் அடிக்கும். முதல் வளைவுக்கு அது ஒன்றும் செய்யாது, ஆனால் நாண் வழியாக மடியும் உயர் வடிவங்களைத் தேடிப் பிடிக்கும். ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் இடைவெளி கூட்டுவது உதவும்.

பிளிஸ்க் கேட்டீர்கள். வளையம் போட்ட 2,400 கிலோநியூட்டனில் வேர்களின் பங்கு 34 × 23, ஏறத்தாழ 780. தூண்களையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல். பிளிஸ்க் அதில் பெரும்பகுதியை ஒரேயடியாக எடுத்துவிடும். டோவ்டெயில் தொடுதகைவும் போய்விடும். ஆனால் வேர் உராய்வு தந்துகொண்டிருந்த தணிப்பும் கூடவே போகும்; மிஞ்சுவது உலோகத்தின் உள் தணிப்பு, அது மிகச் சொற்பம், பிறகு காற்றின் தணிப்பு. ஒத்ததிர்வு உச்சம் கூர்மையாகவும் உயரமாகவும் நிற்கும். பிளேடுக்குப் பிளேடு அதிர்வெண் சற்று மாறுபட்டால் ஆற்றல் ஒன்றிரண்டு பிளேடுகளில் குவியும். ஆய்வாளர் வைட்ஹெட் காட்டிய மேல் எல்லை (1 + பிளேடு எண்ணிக்கையின் வர்க்கமூலம்) ÷ 2, 34-க்கு 3.4 மடங்கு. நடைமுறையில் அந்த உச்சம் அரிது, ஆனாலும் சராசரிப் பிளேடின் அளவீட்டை வைத்து ரோட்டாரைத் தேற்றக் கூடாது. ஒரு பிளேடு கெட்டால் கழற்றி மாற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 10 சதவீத இடைவெளி உறுதியானால் பிளிஸ்க்குக்குப் போங்கள். இடைவெளிக்கு வழியில்லாமல் தணிப்பை நம்பித்தான் ஓட்ட வேண்டும் என்றால் டோவ்டெயிலில் இருங்கள்.

குட்மன் வரைபடத்தில் (நிலைத் தகைவோடு சேர்த்து எவ்வளவு அதிர்வுத் தகைவு தாங்கும் என்று காட்டும் படத்தில்) வழுவழுப்பான மாதிரித்துண்டின் எண்ணை அப்படியே போடாதீர்கள். முன்விளிம்பில் கல் அடித்த வடுவுக்குத் தகைவுக் குவிப்பு 3 என்று எடுத்து அதிர்வு வரம்பை வகுத்துவிடுங்கள். நிலைத் தகைவு 200, சமச்சீர் களைப்பு வரம்பு 450, இழுவலிமை 900 என்றால் வழுவழுப்பான பிளேடுக்கு ±350 கிடைக்கும், வடுவுள்ளதற்கு ±117-தான். ஓடப்போவது வடுவுள்ள பிளேடுதான்.

---

தொடுவிளிம்பு:

டோவ்டெயிலிலேயே இருப்பதானால் வேரைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய.

பிளேடு, வேர் சேர்த்து 63 கிலோநியூட்டன். பக்கத்தளம் ஆரத்தோடு 45 டிகிரி, உராய்வே இல்லை என்றால் ஒவ்வொரு தளத்திலும் செங்குத்து விசை 45 கிலோநியூட்டன். தளம் 50 × 4 மி.மீ. என்றால் சராசரி அழுத்தம் 224 மெகாபாஸ்கல். பயமில்லாத எண். ஆனால் தட்டையான தளம் முடியும் விளிம்பில் அழுத்தம் இதைப்போலப் பல மடங்கு ஏறும், அதற்கு அடுத்த கால் மி.மீ.இல் இழுவிசை உச்சம் நிற்கும். விரிசல் ஃபில்லட்டில் (மூலை வளைவில்) அல்ல, அங்கேதான் தொடங்கும். தட்டையான நடுப்பகுதிக்கு இரு பக்கமும் பெரிய ஆரத்தில் சில நூறில் ஒரு மி.மீ. வளைத்து இறக்கினால் அந்த உச்சம் கணிசமாகத் தணியும். எஃப்.ஈ.யில் பார்க்கும்போது தொடுவிளிம்பில் கணக்குக் கூறுகளின் அளவு 0.05 மி.மீ. அளவுக்கு நுணுக்கமாக இல்லையென்றால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

உராய்வு இரண்டு முகம் காட்டும். குணகம் 0.3 என்றால் வேகமெடுக்கும்போது செங்குத்து விசை 45-இலிருந்து 34 கிலோநியூட்டனாகக் குறையும், நல்லதுபோலத் தோன்றும். ஆனால் அந்த வித்தியாசத்தைத் தளத்தின் வழியாக இழுக்கும் உராய்வு விசை வாங்கிக்கொள்கிறது, விளிம்பு இழுவிசையைக் கூட்டுவது அதுதான். வேகம் குறையும்போது உராய்வு திசை மாறுவதால் வேர் பள்ளத்திலேயே பிடித்துக்கொண்டு, விசை மெதுவாகத்தான் இறங்கும். புதுப் பூச்சோடு உராய்வு குறைவு. பூச்சு தேய்ந்து டைட்டானியம் டைட்டானியத்தோடு நேரே தொட்டால் 0.6-ஐத் தாண்டும். எனவே கணக்கை 0.1, 0.3, 0.6 மூன்றிலும் ஓட்டுங்கள். ஒரே மதிப்பில் ஓட்டிய ஆயுள், பூச்சு புதிதாக இருக்கும் நாள்களுக்கு மட்டுமே செல்லும்.

வேரைப் பள்ளத்தில் சரியாக மையப்படுத்துங்கள். ஒரு தளம் 0.02 மி.மீ. முன்பே தொட்டாலும் சுமை ஒரு பக்கம் சாய்ந்து, அடிவெட்டு கணக்கிட்ட சாய்வு முழுவதையும் தின்றுவிடும். இதழ் மேடையைச் சந்திக்கும் இடத்தில் வட்ட ஃபில்லட்டுக்குப் பதில் நீள்வட்டம் போடுங்கள், நீண்ட அச்சு இதழின் உயரத் திசையில். அதே இடத்துக்குள் குவிப்பு குறையும், காற்றுக்கும் அடைப்பு குறைவு.

ஷாட் பீனிங் (சிறு குண்டுகளை வீசி மேற்பரப்பை அடிப்பது) தருவது மேற்பரப்பில் 0.1–0.2 மி.மீ. ஆழ அமுக்கத் தகைவு; வேர்த் தளங்களுக்கும் பள்ளத்துக்கும் அது அவசியம். முன்விளிம்பில் கல் அடித்த வெட்டு அதைவிட ஆழமாகப் போகும், அங்கே அது காப்பாற்றாது. லேசர் பீனிங் ஒரு மி.மீ. அளவு ஆழத்துக்கு அமுக்கத்தைக் கொண்டுபோகும். மெல்லிய விளிம்பில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிளேடு வளைந்துவிடும். அமுக்கம் ஓரிடத்தில் இருந்தால் அதைச் சமன்செய்யும் இழுவிசை வேறோர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அது எங்கே என்று அளந்து தெரிந்துகொள்ளாமல் எல்லையைக் குறிக்காதீர்கள்.

---

சுழலி:

29 பிளேடு, அகல நாண், டோவ்டெயில் என்று முடிவு செய்துவிட்டேன். ஐடிலை 8,000-க்குக் கீழே வைக்கக் கட்டுப்பாட்டுப் பிரிவிடம் கேட்டிருக்கிறேன். கடைசியாக ஒன்று: பீனிங், தாமிரம்-நிக்கல்-இண்டியம் பூச்சு, மாலிப்டினம் டைசல்ஃபைடு உலர் பூச்சு மூன்றையும் எந்த வரிசையில் செய்வது?

---

தொடுவிளிம்பு:

நீங்கள் சொன்ன வரிசையேதான். முதலில் பீனிங், பிறகு தாமிரம்-நிக்கல்-இண்டியம் பிளாஸ்மா தெளிப்பு, அதன் மேல் உலர் பூச்சு. தெளிப்புக்கு முன் தளத்தைச் சொரசொரப்பாக்கும் மணல் வீச்சை லேசாக வையுங்கள், பீனிங் அடுக்கைத் தின்னும் அளவுக்குப் போகக் கூடாது. தெளிப்புப் பூச்சு பிளேடு வேரின் பக்கத்தளத்தில் மட்டும்; டிஸ்க் பள்ளத்தில் பீனிங்கும் உலர் பூச்சும் போதும். தேய்வது மாற்றக்கூடிய பிளேடாக இருக்கட்டும். தெளிப்பின் தடிப்பைப் பள்ள இடைவெளியில் கழித்துத்தான் வேரின் அளவை எழுத வேண்டும், இல்லையென்றால் பிளேடு உள்ளேயே போகாது. வேரைப் பள்ளத்திலிருந்து கழற்றும் ஒவ்வொரு முறையும் உலர் பூச்சைப் புதுப்பிக்கச் சொல்லிப் பராமரிப்புக் கையேட்டில் இப்போதே எழுதிவிடுங்கள்.

---

வளையம்:

29-க்கு மாறியதால் வேர், தூண் எடைகளும் மாறும். ரிம் சுமையைப் புதிதாகக் கூட்டி, 120 சதவீத வேகக் கணக்கை மறுபடி ஓட்டிவிட்டு ஃபோர்ஜிங் அளவைக் கொடுங்கள்.